கோழி ஏற்றாத கார்

ஜூன் 23, திங்கள்

தீவனக் கம்பெனி வருஷா வருஷம் கொடுக்கிற டைரி இது. முன்பாதியில் எடைக்கணக்கு எழுதியிருக்கிறேன். எந்தப் பண்ணையில் எத்தனை கோழி பிடித்தேன், கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் எத்தனை செத்தது, இப்படி. பின்பாதியில் நான் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறேன், எவ்வளவு ஒன்றுக்குப் போகிறேன் என்று எழுதச் சொல்லியிருக்கிறார் கோயமுத்தூர் டாக்டர். எழுத மாட்டேன். ஐம்பத்தேழு வயதில் மூத்திரத்தை அளந்து எழுதும் அளவுக்கு எனக்கு வெட்கம் கெட்டுப்போகவில்லை. வேறு ஏதாவது எழுதுகிறேன். என் பெண்டாட்டி சாந்தாமணி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தால் நான் பேனா பிடித்திருப்பது தெரியும். அவளுக்கு அது போதும்.

முதுகுவலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி வாங்கித் தின்றதில் இரண்டு கிட்னியும் போய்விட்டதாம். வாரத்தில் மூன்று நாள் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ண வேண்டுமாம். இந்த வாரமே வரச் சொன்னார். வெளியே வரும்போது அந்த மெஷின் அறைக் கதவு திறந்திருந்தது. வரிசையாகப் படுத்திருக்கிறார்கள், ஆளுக்கொரு குழாய். முப்பது வருஷம் கோழியின் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக் கூண்டுக்குள் போட்டவன் நான். அந்த அறையைப் பார்த்ததும் குமட்டிக்கொண்டு வந்தது.

வரும் வழியில் சாந்தாமணிதான் பிக்கப்பை ஓட்டினாள். சித்திரையிலிருந்து அவள்தான் ஓட்டுகிறாள். என் கால் வீங்கிப்போய் கிளட்ச் மிதிக்க வருவதில்லை.

"இந்த வண்டில வாரத்துக்கு மூணு நாள் போய்ட்டு வந்தா உங்க எலும்பு மிஞ்சாதுங்க. டீசலும் தண்ணியாட்டம் குடிக்குது. இத வித்துப்போட்டு நல்லா மைலேஜ் குடுக்கற சின்னக் காரா ஒண்ணு பழசுல எடுத்துக்கலாம்" என்றாள்.

எனக்குப் பிடி கிடைத்தது. "அதுஞ் சரிதான். கார் எடுத்ததுக்கப்பறம் மெஷினப் பாத்துக்கலாம்" என்றேன். மழை தூறிக்கொண்டிருந்தும் அவள் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கி விட்டுக்கொண்டு ஓட்டினாள். சாரல் என் மேலும் அடித்தது. சொன்னால் கேட்க மாட்டாள்.

ஜூன் 26, வியாழன்

புரோக்கர் பிரான்சிஸ் வந்தான். கழுத்தில் செயின், கையில் மூன்று போன். வாயைத் திறந்தால் பொய், மூடினால் யோசனை. யோசனையும் பொய்யாகத்தான் இருக்கும்.

"பல்லடத்துல ஒரு வண்டி இருக்குதுங்ணா. ரிட்டயர் ஆன ஹெட்மாஸ்டர் வெச்சிருக்கறாரு. கோயிலுக்கும் ரேஷன் கடைக்கும் தவிர எங்கயும் போகாத வண்டி. லிட்டருக்கு இருபத்திரண்டு கண்ண மூடிட்டுக் குடுக்கும்."

போய்ப் பார்த்தோம். வெள்ளைக் கார். துடைத்துத் துடைத்துப் பெயின்ட்டே தேய்ந்திருந்தது. டயரைப் பார்த்தேன், பானெட்டைத் திறந்து ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். குப்பென்று வந்தது. கோழி எச்சம் ஊறின வாடை. பண்ணையில் குப்பை அள்ளாமல் போட்டு வைத்தால் கண்ணெரிகிற மாதிரி வருமே, அதேதான். எனக்கா தெரியாது?

இறங்கி வந்து கேட்டேன். "இதுல கோழி ஏத்தியிருக்கறீங்க."

ஹெட்மாஸ்டர் திருதிருவென்று முழித்தார். "நாங்க சைவமுங்க" என்றார்.

"சைவமா இருந்தா வாடகைக்கு உட மாட்டீங்களா? பின் சீட்டக் கழட்டிப்போட்டுக் குஞ்சுப் பெட்டி ஏத்தியிருக்கறீங்க. எங்கிட்டயே மறைக்கறீங்களா?"

அவருடைய சம்சாரம் உள்ளே போய்விட்டார். பிரான்சிஸ் காருக்குள் தலையை விட்டு மோந்து பார்த்துவிட்டு, "ஊதுவத்தி வாசந்தானுங்ணா வருது" என்றான். வாடை பிடிக்கத் தெரியாதவனெல்லாம் புரோக்கர். சாந்தாமணி அவர்களிடம் ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டு நின்றாள். மன்னிப்புக் கேட்டிருப்பாள். எனக்கு அதுவும் அருவருப்பாக இருந்தது.

ஜூன் 29, ஞாயிறு

கொழுந்தியா வீட்டிலிருந்து கோழிக் குழம்பு வந்தது. ஒரு வாய் வைத்தேன், ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். இப்போது வருகிற கோழியே சரியில்லை. என்ன கருமத்தைத் தீவனமாகப் போடுகிறார்களோ, கறியில் இரும்பு ருசி வருகிறது. சோற்றிலும்தான் வருகிறது. அரிசிக்கடைக்காரனை விசாரிக்க வேண்டும்.

சாந்தாமணி ஒரு சின்ன டப்பாவில் ஏலக்காய் போட்டு என் சட்டைப் பையில் வைத்துவிட்டிருக்கிறாள். "நாலு மென்னுக்குங்க" என்கிறாள். பெண் பார்க்கவா போகிறேன்?

ஜூலை 2, புதன்

இன்றைக்கு இரண்டு வண்டி. ஒன்று பெட்ரோல், ஒன்று டீசல். திருப்பூர் ரோட்டில் பிரான்சிஸ் வைத்திருக்கிற செட்டில் நின்றன. செட் என்பது அவன் சொல்வது. தகரம் போட்ட சந்து. வாசலில் எச்சில் துப்பி வைத்திருக்கிறார்கள்.

பெட்ரோல் வண்டி சிகப்பு. உள்ளே சீட்டுக்கெல்லாம் புலித்தோல் மாதிரி உறை. தலை சாய்க்கிற இடத்தில் எவனுடைய எண்ணெயோ அப்பியிருக்கிறது. டேஷ்போர்டில் பாதி சப்பின மிட்டாய் ஒட்டிக் காய்ந்துபோயிருக்கிறது. டீசல் வண்டி சுத்தம், ஆனால் விலை கூட.

"வருசத்துக்கு எத்தன கிலோமீட்டர் ஓட்டுவீங்க?" என்று பிரான்சிஸ் கேட்டான். சாந்தாமணி கோயமுத்தூர் கணக்கைச் சொன்னாள். அவன் போனில் தட்டிப் பார்த்தான்.

"மைலேஜுக்கு டீசல்தானுங்க்கா. ஆனா வாங்கறப்ப கூடக் குடுக்கறீங்கல்ல, அது திரும்பி வரோணும்னா நாலஞ்சு வருசமாச்சும் ஓட்டோணும். ஒரு வருசம் ரெண்டு வருசத்துக்குன்னா பெட்ரோலே போதும்."

"அப்பப் பெட்ரோலே பாரு" என்றேன்.

சாந்தாமணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பிரான்சிஸிடம், "டீசலே காட்டுங்க தம்பி" என்றாள்.

பொம்பளைகளுக்குக் கணக்கு வராது.

எந்த எண்ணெய் போட்டால் என்ன, இரண்டிலும் அதே வாடை. சிகப்பில் செண்டு வேறு அடித்து வைத்திருந்தான். செண்டும் கோழி எச்சமும் கலந்தால் எப்படியிருக்கும் என்று எழுதக்கூட முடியவில்லை. "ஏன்டா, ஊர்ல இருக்கற கோழி வண்டியெல்லாம் பொறுக்கிட்டு வந்து எனக்குக் காட்டறயா?" என்று சத்தம் போட்டேன். பிரான்சிஸ் இரண்டடி பின்னால் போய் நின்றான். பயம் இருக்க வேண்டும்தான்.

ஜூலை 5, சனி

அந்த டீசல் வண்டியையே இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று சாந்தாமணி பிடிவாதம். சரி, வாடை கிடக்கட்டும், மைலேஜில் பிடிப்போம் என்று கிளம்பினேன். புரோக்கர் சொல்கிற மைலேஜை நம்புகிறவன் மடையன். டேங்க்கை வாய்வரை நிரப்ப வேண்டும். பிறகு வண்டியைப் பிடித்துக் குலுக்க வேண்டும், உள்ளே நிற்கிற காற்று வெளியே வரும். மறுபடி நிரப்பி, அவினாசிபாளையம் வரை போய்த் திரும்பி வந்து, அதே பங்க்கில், அதே பம்ப்பில் திரும்ப நிரப்பினால் உண்மை தெரிந்துவிடும்.

எல்லாம் சரியாகச் செய்தேன். வண்டியைக் குலுக்கியது பிரான்சிஸ். எனக்கு மூச்சு வாங்கியது. வெயில். அப்புறம் அவினாசிபாளையம் போனதா, திரும்பினதா என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்தால் வீட்டு வாசலில் நிற்கிறோம். அவ்வளவு நேரம் தூங்கியிருக்கிறேன். சீட் பஞ்சு அப்படி. மனிதனைத் தூங்க வைக்கிற சீட் எப்படி நல்ல சீட்டாகும்?

"இருபத்தொண்ணு குடுத்துதுங்க" என்றாள்.

"நாம்பாக்கல. பாக்காத கணக்கு கணக்கில்ல."

வண்டி வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பிரான்சிஸ் சாந்தாமணியைத் தனியாகக் கூப்பிட்டு என்னமோ கேட்டான். அவள் தலையை ஆட்டினாள். வீட்டுக்குள் வந்தவள் முகம் கழுவிக்கொண்டே இருந்தாள்.

ஜூலை 9, புதன்

பிக்கப் போய்விட்டது. கொசவம்பாளையம் வேலுசாமி எடுத்துக்கொண்டான். அவனும் கோழிதான். என்னிடம் லோடு ஏற்றப் பழகினவன். இன்றைக்கு வந்து பம்பரில் ஒடுக்கு இருக்கிறது, பாடியில் துரு இருக்கிறது என்று விலை குறைக்கிறான். பழகின ஆட்களிடம் வியாபாரம் செய்வதைப் போல அசிங்கம் வேறில்லை.

கேபினுக்குள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினோம். நான் விலை சொல்லச் சொல்ல அவன் வெளியே பார்த்துக்கொண்டே இருந்தான். பெரிய மனுஷன் ஆகிவிட்டான், என் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டான் போல. நடுவில், "மாமா, ஒடம்புக்கு என்ன பண்ணுது?" என்றான். "ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, நீ வெலையப் பேசு" என்றேன். சட்டென்று நான் கேட்டதையே கொடுத்துவிட்டான். பேரம் பேசினவன் ஏன் இப்படித் தளர்ந்தான் என்று புரியவில்லை. எனக்கு அந்தப் பணத்தைத் தொடவே பிடிக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

டாக்டரிடமிருந்து போன். சாந்தாமணி பேசினாள். நான் குளித்துக்கொண்டிருப்பதாகச் சொல்லச் சொன்னேன். "குளிக்கறாருங்க" என்றாள். "இல்லீங்க டாக்டர், வண்டி இன்னும் அமையலீங்க" என்றாள். அப்புறம் நீண்ட நேரம் "ம்" கொட்டிக்கொண்டிருந்தாள்.

ஜூலை 13, ஞாயிறு

பிரான்சிஸ் கடைசியாக ஒன்று கொண்டுவந்தான். அவனுடைய சொந்தக் கார். நீலக் கலர், டீசல், மூன்று வருஷம்கூட ஆகவில்லை. பெண் குழந்தை பிறந்ததும் எடுத்தானாம். "வாடை வாடைங்கறீங்க. இது எங்க வீட்டு வண்டிங்ணா. கறி வாங்கப் போனாக்கூட நான் பைக்லதான் போறது. உங்களுக்காக வெலைய எறக்கித் தர்றேன். மோந்து பாருங்க" என்றான். முதல் தடவையாக அவன் பொய் சொல்லவில்லை என்று தோன்றியது.

உட்கார்ந்தேன். கதவைச் சாத்தினேன்.

அதே வாடை.

நான் ஒன்றும் சொல்லாமல் இறங்கி வீட்டுக்குள் போய்விட்டேன். வெளியே சாந்தாமணியும் அவனும் வெகுநேரம் பேசினார்கள்.

ஜூலை 14, திங்கள்

பிக்கப் இல்லாததால் ரத்தப் பரிசோதனைக்குக் கோயமுத்தூருக்குப் பஸ். பஸ்ஸிலும் கோழி ஏற்றுகிறார்கள் போலிருக்கிறது. இந்த ஊரில் கேட்பாரில்லை. சூலூரில் ஏறின பையன் பக்கத்தில் உட்கார்ந்தான். வழி கேட்டான், சொன்னேன். எழுந்து முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சீட் இருக்கும்போது நிற்கிற ஜென்மங்கள்.

டாக்டர் பேப்பரைப் பார்த்துவிட்டு என்னிடம் பேசவில்லை. சாந்தாமணியிடம்தான் பேசினார். அவள் கேட்டுவிட்டு எழுந்தாள். விக்கல் வந்தது. நிற்கவேயில்லை.

ஜூலை 16, புதன்

நாளைக்கு ஆடி ஒன்று.

இது என் மண்டையில் எப்படி இத்தனை நாள் உறைக்கவில்லை! ஆடியில் எவன் வண்டி எடுப்பான்? எங்கள் பக்கம் ஆடியில் ஒரு துடைப்பம் வாங்கக்கூட யோசிப்பார்கள். பிரான்சிஸே ஆடி முழுக்க செட்டைப் பூட்டிவிட்டு மாமியார் ஊருக்குப் போகிறவன். "ஆவணில பாத்துக்கலாம், ஓடியா போயிரும்?" என்று சாந்தாமணியிடம் சொன்னேன். கார் இல்லாமல் மெஷின் இல்லை என்பது பேச்சு. பேச்சு பேச்சுதான்.

ஒரு மாதத்துக்குத் தொந்தரவு விட்டது. இத்தனை நாளில் இன்றைக்குத்தான் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தேன். படுத்தால் மூச்சு முட்டுகிறது. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கப் பார்க்கிறேன்.

ஜூலை 17, வியாழன்

விக்கல். கால் இரண்டும் பூசணி.

ஜூலை 20, ஞாயிறு

காலையில் அவள் வீட்டில் இல்லை. அடுப்பில் கஞ்சி இருந்தது. மத்தியானம் வாசலில் ஹாரன். பிரான்சிஸின் நீலக் கார். ஓட்டி வந்தது சாந்தாமணி. முன்னால் எலுமிச்சம்பழம் இல்லை, மாலை இல்லை, பொட்டு இல்லை. ஆர்சி புத்தகம் கையில்.

"ஆடி நாலுல வண்டி எடுத்திருக்கறயா? கிறுக்கா உனக்கு?"

"ஏறுங்க."

"ஊர்ல என்ன பேசுவாங்க?"

"ஏறுங்கன்னேன்."

இருபத்தொன்பது வருஷத்தில் அவள் இந்தக் குரலில் பேசியதில்லை. ஏறினேன். ஊரைத் தாண்டி, மின்சாரக் காற்றாடிகள் நிற்கிற காட்டுப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனாள். நான்கு கண்ணாடியையும் ஏற்றி விட்டாள். நான் ஆரம்பித்தேன். "நாறுது. நாஞ் சொன்னேன்ல. எத்தன தண்ணி ஊத்திக் கழுவுனாலும் இது போகாது. எவனோ மடில கோழி வெச்சுட்டு வந்திருக்கறான், அந்தப் பொய்யனோட வண்டியப் போயி…"

வண்டியை ஓரங்கட்டினாள். இறங்கி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தாள். "எறங்குங்க."

இறங்கினேன். ஆடிக்காற்று. லுங்கி பறந்தது. கண்ணுக்கெட்டின தூரம் மக்காச்சோளம், வீடில்லை, பண்ணையில்லை. அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு காட்டுக்குள் நடந்தாள். என்னால் நடக்க முடியவில்லை. நின்று மூச்சு வாங்கினேன். கார் தூரத்தில் சின்னதாகத் தெரிந்தது.

"இங்க சொல்லுங்க. நாத்தம் வருதா?"

மூச்சை இழுத்தேன். வந்தது. அதே வாடை, கொஞ்சமும் குறையாமல். காற்று அடித்துக்கொண்டு போகிறது, வாடை போகவில்லை.

"வருது" என்றேன்.

"வண்டி நாறலீங்க. எந்த வண்டியும் நாறல. உங்க வாய்தான். ஒடம்புக்குள்ள இருக்கற உப்பெல்லாம் வெளிய போகாம மூச்சுல வருதாமா. டாக்டர் முதல் நாளே எங்கிட்டச் சொன்னாரு."

உள்ளங்கையில் ஊதி மோந்து பார்த்தேன்.

"எப்படிங்க சொல்லுவேன் உங்ககிட்ட? சொன்னாத் தாங்குவீங்களா? அந்த வாத்தியார் வீட்டுல, பஸ்ஸுல, வேலுசாமி வந்தப்ப, எல்லார் முன்னாலயும் நீங்க கோழி கோழின்னு கத்தறீங்க. எல்லாருக்கும் தெரியுது, எங்கிருந்து வருதுன்னு. ரெண்டு மாசமா உங்க பக்கத்துல படுத்துட்டிருக்கறேன். கொமட்டிட்டு வருதுங்க எனக்கு. மூஞ்சியத் திருப்பிட்டா உங்களுக்குத் தெரிஞ்சு போயிருமோன்னு மூச்சப் புடிச்சுட்டுப் படுத்திருக்கறேன்."

அழுதுகொண்டே சொல்லவில்லை. கோபமாகச் சொன்னாள். கடைசியில்தான் குரல் உடைந்தது. "எனக்கு அருவருப்பா இருக்குதுங்க. அருவருப்பா இருந்தும் எனக்கு நீங்க வேணும். நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

மக்காச்சோளக் காட்டுக்குள் நான் உட்கார்ந்துவிட்டேன். அந்த ஹெட்மாஸ்டர், பின்னால் நகர்ந்த பிரான்சிஸ், வெளியே பார்த்துக்கொண்டே பேசின வேலுசாமி, எழுந்துபோன பஸ் பையன் என்று ஒவ்வொரு முகமாக வந்தது. ஊரில் உள்ளவனையெல்லாம் நாறுகிறான் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். என் மேலேயே எனக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. வாயைத் திறக்கப் பயந்துகொண்டு கையால் பொத்திக்கொண்டேன். அவள் அந்தக் கையைப் பிடித்து எடுத்துவிட்டாள்.

"எனக்குப் பயமா இருக்குது சாந்தா" என்றேன். அவள் முகத்துக்கு நேராக, வாயைப் பொத்தாமல் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பவில்லை.

ஜூலை 21, திங்கள்

போனோம். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். இரண்டு மணி நேரம் மெஷின். என் ரத்தம் என் கண் முன்னாலேயே ஒரு குழாயில் போய் இன்னொரு குழாயில் வந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். சாந்தாமணியை உள்ளே விடவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

ஜூலை 23, புதன்

இரண்டாவது தடவை. வாந்தி. காலில் சதை இழுத்துக் கத்தினேன். பக்கத்துப் படுக்கைக்காரர் பொரியுருண்டை தின்றுகொண்டு பேப்பர் படிக்கிறார். எப்படித்தான் முடிகிறதோ. அந்த அறை மருந்து நாற்றம், பிளாஸ்டிக் நாற்றம். சகிக்கவில்லை. ஆனால் கோழி நாற்றம் இல்லை.

ஜூலை 26, சனி

நேற்றோடு மூன்று. கால் வீக்கம் பாதி வற்றிவிட்டது. ராத்திரி கட்டிலில் படுத்துத் தூங்கினேன். காலையில் அளந்து கொடுத்த காபியில் காபி ருசி இருந்தது. இரும்பு இல்லை. இரண்டு வாய்தான் கொடுத்தாள், கஞ்சப் பிசினாரி.

சாயங்காலம் காரில் சும்மா போய் உட்கார்ந்து கதவைச் சாத்திப் பார்த்தேன். குழந்தைப் பவுடர் வாசம். பின் சீட்டில் எப்போதோ பால் கொட்டியிருக்க வேண்டும், லேசான புளிப்பு. பிரான்சிஸ் வீட்டுக் குழந்தை. நான் அந்த ஆளைப் பொய்யன் என்றேன். போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். "அட உடுங்ணா, வண்டி எத்தன குடுக்குது?" என்றான். இருபது என்றேன். "டயர்ல காத்து பாருங்க, இருபத்திரண்டு வரும்" என்றான். திருந்த மாட்டான்.

ஆகஸ்டு 1, வெள்ளி

இன்றைக்கு மெஷின் முடிந்து வெளியே வந்தபோது ஆஸ்பத்திரி வாசலில் ஒரு புருஷன் பெண்டாட்டி பஸ்ஸுக்கு நின்றார்கள். அந்த அம்மாவை உள்ளே பார்த்திருக்கிறோம். புருஷனுக்கும் கிட்னிதான். இன்றைக்கு முதல் தடவை மெஷினுக்கு வரச் சொல்லி, படுக்கை வரை போய்விட்டு, வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டார். பெயர் மருதாசலம். ஊர் பொங்கலூர். எங்கள் வழிதான். சாந்தாமணி கூப்பிட்டு ஏற்றிக்கொண்டாள்.

கதவைச் சாத்தினதும் வந்தது. எனக்கு இப்போது தெரியும், எங்கிருந்து என்று. பண்ணைக்குப்பையே தேவலாம். என் கை தானாகக் கண்ணாடி இறக்குகிற பொத்தானுக்குப் போய்விட்டது. சாந்தாமணியைப் பார்த்தேன். அவள் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள்.

மருதாசலம் பேசிக்கொண்டே வந்தார். டாக்டர்களெல்லாம் திருடர்கள், மெஷின் வைத்திருப்பதே காசு பிடுங்கத்தான், அவர் பெரியப்பா ஒருவர் நாட்டு மருந்திலேயே பிழைத்தார், ஆவணியில் கிணறு வெட்டு இருக்கிறது, அது முடியட்டும், எல்லாம் பார்த்துக்கொள்ளலாம். நியாயமான மனிதர் மாதிரி பேசினார். மேல் கண்ணாடியில் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையை மூக்கோரம் வைத்துக்கொண்டு, சளி பிடித்த மாதிரி பாவனை செய்துகொண்டு வந்தார்.

நான் திரும்பி உட்கார்ந்தேன்.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. உங்க வாய் நாறுதுங்க."

சாந்தாமணியின் கால் பிரேக்கில் லேசாகப் பட்டதை உணர்ந்தேன்.

"என்ன சொன்னீங்க?"

"கோழி எச்சமாட்டம் நாறுது. எனக்கும் நாறுச்சு. பத்து நாளைக்கு முந்தி என் பக்கத்துல நீங்க உக்காந்திருக்கவே மாட்டீங்க. உங்களுக்குத் தெரியாது. யாரும் சொல்ல மாட்டாங்க. அந்தம்மா மூச்சப் புடிச்சுட்டு வர்றாங்க, திரும்பிப் பாருங்க. கெணறு வெட்டற வரைக்கும் தாங்காதுங்க இது. திங்கக்கெழம நாங்க போறோம். உங்க வாசல்ல வந்து நிக்கறோம்."

மருதாசலத்தின் முகம் சிவந்துபோய்விட்டது. ஆயுசில் யாரும் அவரிடம் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். "வண்டிய நிறுத்துங்க" என்றார். "நிறுத்துங்கன்னேன்! ஓசில ஏத்திட்டு வந்து மனுசன அவமானப்படுத்தறீங்களா?"

சாந்தாமணி சுல்தான்பேட்டை பிரிவு தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தினாள். அவர் கதவைத் திறந்து இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டினார். "ஏ, எறங்கு" என்றார்.

அந்த அம்மா முந்தானையை மூக்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவரைப் பார்க்கவில்லை. எங்களையும் பார்க்கவில்லை. இறங்கவில்லை.

"எறங்குன்னேன்ல!"

இறங்கவில்லை. கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கவுமில்லை.

மருதாசலம் ரோட்டோரத்தில் நின்றார். ஒரு பஸ் வந்தது. கை காட்டவில்லை. பஸ் போய்விட்டது. சாந்தாமணி இன்ஜினை அணைத்துவிட்டாள். நான் எட்டிப் பின்கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்து வைத்தேன். நாங்கள் மூன்று பேரும் காத்துக்கொண்டிருந்தோம்.